மூன்றாவது கட்சிக்குப் போடும் ஓட்டு வீணா? தி.நகர் கணக்கை வைத்துச் சொல்லுங்கள்

மாம்பலவாசி:
2021 சட்டமன்றத் தேர்தலில் தி.நகரில் திமுக ஜெயித்தது 137 ஓட்டில். அதே தொகுதியில் மக்கள் நீதி மய்யத்துக்கு 14 ஆயிரத்துக்கும் மேல் விழுந்தது. இப்படிப்பட்ட தொகுதியில் இரண்டு பெரிய கூட்டணிக்கும் வெளியே நிற்பவருக்குப் போட்டால், அந்த ஓட்டு எதற்காவது கணக்கில் வருமா? "அதற்கு நோட்டாவே போடலாமே" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

படிவம்20:
ஒன்றே இல்லை சார். நோட்டா செல்லுபடியான வாக்குகளில் சேராது. அது முதலிடம் வந்தாலும் அடுத்து நிற்கும் வேட்பாளர்தான் எம்.எல்.ஏ.

வேட்பாளருக்கு விழும் ஓட்டு இரண்டு இடத்தில் சேர்கிறது. ஒன்று டெபாசிட், வேட்புமனுவோடு கட்டும் பணம்: 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. அது திரும்பக் கிடைக்க, செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும், சரியாக ஆறில் ஒன்று வந்தாலும் போச்சு. 1,38,000 வாக்கு என்றால் 23,001 தேவை. ஆனால் இது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் மாநில அளவிலான சதவீதம். ஓரிடம்கூட ஜெயிக்காமல் 8 சதவீதம் எடுத்தாலே மாநிலக் கட்சி அங்கீகாரம் உண்டு. நாம் தமிழர் 2016-ல் 1.1, 2021-ல் 6.6, 2024 மக்களவைத் தேர்தலில் 8.2 என்று ஏறி, ஒரு தொகுதியும் இல்லாமல் அதை வாங்கியது. அங்கீகாரம் இல்லாத கட்சியின் பாடு என்ன என்பதும் அதே 2024-ல் தெரிந்தது: கரும்பு விவசாயி சின்னம் வேறு கட்சிக்குப் போய்விட, மைக் சின்னத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அங்கீகாரம் வந்தால் சின்னம் கைவிட்டுப் போகாது. வேட்புமனுவை முன்மொழிய 10 பேருக்குப் பதில் ஒருவர் போதும். இயந்திரத்தில் பெயரும் மேலே ஏறும். தி.நகரில் போட்ட ஓட்டும் தென்காசியில் போட்ட ஓட்டும் இந்தக் கணக்கில் ஒரே உண்டியல்தான்.

பூத்_ஏஜென்ட்:
சதவீதம் சரி, அது சட்டமன்றத்தில் போய் உட்காராதே. 2016-ல் மக்கள் நலக் கூட்டணி (மதிமுக, விசிக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள்), தேமுதிக, தமிழ் மாநில காங்கிரஸ் அணி சேர்ந்து சுமார் 6 சதவீதம் வாங்கியும் ஓரிடம் இல்லை. 10 சதவீதம் ஊரெல்லாம் பரவிக் கிடந்தால் பூஜ்யம். அதே ஓட்டு நாலைந்து மாவட்டத்தில் குவிந்தால் எம்.எல்.ஏ.க்கள்.

இன்னொன்றும் பாருங்கள். தேமுதிக 2006-ல் தனித்து நின்று 8.4 சதவீதம் வாங்கியது, ஜெயித்தது விருத்தாசலம் மட்டும். 2009-ல் 10 சதவீதம், இடம் இல்லை. 2011-ல் அதிமுகவோடு சேர்ந்ததும் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி. இரண்டு கழகமும் வேண்டாம் என்று போட்ட ஓட்டுதான் அந்தக் கூட்டணிப் பேரத்துக்கு மூலதனம் ஆனது. 2016-ல் 2.4-க்கு இறங்கிவிட்டது. நீங்கள் போடப்போகிற கட்சி அடுத்த முறையும் தனித்து நிற்குமா என்பதை முதலில் யோசியுங்கள்.

"ஓட்டைப் பிரித்ததால்தான் அதிமுக வேட்பாளர் தி.நகரில் 137-ல் தோற்றார்" என்ற பேச்சை மட்டும் ஏற்க முடியாது. மூன்றாமவர் நிற்காமல் இருந்தால் அந்த 14 ஆயிரத்தில் எத்தனை பேர் எந்தப் பக்கம் போயிருப்பார்கள், எத்தனை பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்பதற்கு எந்த ஆவணமும் கிடையாது. ஆனால் இருவரில் ஒருவர் வந்தே விடக்கூடாது என்று நினைத்தால், இழுபறித் தொகுதியில் மூன்றாமவருக்குப் போடாதீர்கள். 20 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம் வருகிற தொகுதியா, தயங்காமல் போடுங்கள்.

வார்டு_கணக்கு:
எல்லாரும் சட்டமன்றத்தையே பேசுகிறீர்கள். மூன்றாமவர் நிஜமாகவே ஜெயிக்கக்கூடிய இடம் மாநகராட்சி. சென்னையில் 200 வார்டு, சில ஆயிரம் ஓட்டிலேயே முடிவு வந்துவிடும். 2022-ல் திமுக மட்டுமே 153 வார்டு எடுத்தது. அந்த அலையிலும் தனித்து நின்ற பாஜக மேற்கு மாம்பலம் பக்கம் 134-ஆவது வார்டைப் பிடித்தது, சுயேச்சைகளும் சிலர் வந்தார்கள்.

மாம்பலவாசி:
நன்றி. எங்கள் தெருப் பக்கம் யாருக்கு எவ்வளவு விழுந்தது என்று எப்படிப் பார்ப்பது?

படிவம்20:
தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20, அதாவது சாவடிவாரியான வாக்குக் கணக்கு, இருக்கும். தி.நகர் தொகுதி எண் 24. ஒரு வரிக்கு ஒரு வாக்குச்சாவடி. டெண்டர் ஓட்டு என்று ஒரு கட்டம் வரும், அதைக் கூட்டிவிடாதீர்கள். தன் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போனதால் சீட்டில் போட்ட ஓட்டு அது, எண்ணிக்கையில் சேராது. தபால் ஓட்டு கடைசியில் தனி வரி, சாவடிவாரியாகப் பிரிக்க முடியாது.

மூன்றாம் வேட்பாளர் 20 சதவீதம் தாண்டிய சாவடிகளைக் குறித்துக்கொண்டு, அவை அக்கம்பக்கத்துத் தெருக்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அடுத்த மாநகராட்சித் தேர்தலில் அங்கே அவருக்கு வழி இருக்கிறது. இரண்டு தேர்தலை ஒப்பிடும்போது சாவடி எண்ணை நம்ப வேண்டாம். 2021-ல் கொரோனாவுக்காகப் பெரிய சாவடிகளைப் பிரித்துத் துணைச் சாவடி போட்டார்கள். பள்ளிக்கூடப் பெயரையும் தெருவையும் வைத்துச் சேர்த்துப் பாருங்கள்.