நியூ ஆர்டரின் இரண்டாவது ஆல்பம்: ப்ளூ மண்டே கணக்கில் வருமா?

கேசட்குமரன்: பிரிட்டிஷ் இசைக்குழு நியூ ஆர்டரின் முதல் ஆல்பம், 1981இல் வந்த ‘மூவ்மென்ட்’டில், அவர்களுடைய முந்தைய குழுவான ஜாய் டிவிஷனின் வாடை இன்னும் போகவில்லை. அதைத் தயாரித்த மார்ட்டின் ஹானெட்டை விட்டுவிட்டு, லண்டன் பிரிட்டானியா ரோ ஸ்டூடியோவில் தாங்களே தயாரித்த ‘பவர், கரப்ஷன் & லைஸ்’ (1983)தான் அசல் நியூ ஆர்டர். அதிலும் ‘ப்ளூ மண்டே’ பாட்டு இல்லையென்றால் அந்த ஆல்பமே இல்லை.

ஊசிமுனை: கடைசி வரியைப் படித்ததும் தலை சுற்றுகிறது. ப்ளூ மண்டே அந்த ஆல்பத்தில் இல்லை. ஏஜ் ஆஃப் கன்சென்ட், வீ ஆல் ஸ்டாண்ட், த வில்லேஜ், 5 8 6, புரட்டிப் போட்டால் யுவர் சைலன்ட் ஃபேஸ், அல்ட்ராவயலன்ஸ், எக்ஸ்டஸி, லீவ் மீ அலோன். எட்டுப் பாட்டு. ஒன்பதாவதை எங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்தீர்கள்? ப்ளூ மண்டே தனிப்பாட்டுத் தட்டாக வந்தது மார்ச் 7, ஃபேக்டரி நிறுவனத்தின் வெளியீட்டு எண் ஃபேக் 73. ஆல்பம் மே 2, ஃபேக்ட் 75. தேதி வேறு, எண் வேறு, தட்டு வேறு.

கேசட்குமரன்: அமெரிக்க கேசட்டில் இருக்கிறது. சிடியிலும் இருக்கிறது. அதெல்லாம் ஆகாயத்திலிருந்து விழுந்ததா?

ஊசிமுனை: விற்பனைக்காகப் பின்னால் ஒட்டியது. ஊர்க்காரன் மான்செஸ்டரில் வெளியிட்டதைப் பேசுவோமா, அமெரிக்காக்காரன் ஒட்டுப்போட்டதைப் பேசுவோமா? எட்டுப் பாட்டு.

தாளராணி: எண்ணைப் பிடிச்சுத் தொங்காம கொஞ்சம் காதையும் தீட்டுங்க. 5 8 6-ஐயும் ப்ளூ மண்டேயையும் அடுத்தடுத்துப் போட்டா ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்கன்னு தெரியும். ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் ட்ரம் மெஷின், மூக் சோர்ஸ் சிந்தசைசர், குழுவோட பாடகர் பெர்னார்ட் சம்னர் கிட் வாங்கித் தானே பற்றவைத்த பவர்ட்ரான் சீக்வென்சர், அதாவது ஏத்தி வச்ச நோட்டுகளைப் படிப்படியா வாசிக்க வைக்கிற மெஷின். இந்த மாதிரிக் கருவிகளை இணைக்கிற பொது முறையான மிடி அப்போ கடைத்தெருவில் இன்னும் பரவலை. டிஎம்எக்ஸ் ஒரு பீட்டுக்கு 96 துடிப்பு அனுப்பும். சீக்வென்சருக்கோ ஒரு படிக்கு ஒரு துடிப்பு போதும். பீட்டுக்கு நாலு படின்னா நடுவுல 24ஆல் வகுக்கிற சர்க்யூட் வேணும். அது இல்லாம நேராச் சொருகினா சீக்வென்ஸ் 24 மடங்கு வேகத்துல ஓடிரும்.

ப்ளூ மண்டேயில மெலடி ட்ரம்ஸை விட்டு விலகி நிக்குதே, அது திட்டம் போட்டுச் செஞ்சதில்லை. குழுவோட கீபோர்டுக்காரங்க கில்லியன் கில்பர்ட் நீளநீளமா தாளை ஒட்டி, நோட்டு நோட்டா எழுதி, கையால உள்ளே ஏத்தினாங்க. அதுல ஒண்ணு விட்டுப்போச்சு. படி படியா நகர்ற மெஷின்ல ஒண்ணு குறைஞ்சா அதுக்குப் பின்னாடி வர்ற எல்லாமே ஒரு படி முன்னால வந்துரும். நிமிஷத்துக்கு 130 பீட் வேகத்துல ஒரு படி ஏறக்குறைய 115 மில்லிசெகண்ட். காது கண்டுபிடிக்காம விடுமா?

ஊசிமுனை: அருமையான பாடம். ஆல்பத்தில் இல்லாத பாட்டுக்கு.

புதியவன்_83: ஒரு சின்ன சந்தேகம். ஆல்பம் என்று எதைச் சொல்கிறோம்? முதல் எல்பியையா, எல்லாப் பதிப்பையுமா? அதை முடிவு செய்துவிட்டால்...

கேசட்குமரன்: தம்பி, கொஞ்சம் இரு. ஊசிமுனை, பீட்டர் சாவில் வடிவமைத்த அட்டைகளையாவது பார்த்தீர்களா? ப்ளூ மண்டே உறையில் எழுத்தே கிடையாது, ஓரத்தில் வண்ணக் கட்டங்கள் மட்டும். அவற்றைப் படிக்க வேண்டிய வண்ணச் சக்கரம் ஆல்பத்தின் பின்னட்டையில்! முன்னட்டையில் ஓவியர் ஃபான்டான்-லத்தூரின் ரோஜாக்கூடை, பின்னட்டையில் சாவி. இரண்டும் ஒன்றுதான் என்று வடிவமைத்தவரே சொல்லிவிட்டார்.

ஊசிமுனை: கல்யாண மண்டபத்துச் சாவி மேனேஜர் சட்டைப்பையில் இருந்தால் மண்டபமும் சட்டைப்பைக்குள் இருக்கிறதா?

சேர்க்காததற்குக் காரணம் தட்டிலேயே இருக்கிறது. முதல் பக்கம் ஏற்கெனவே 22 நிமிடத்துக்கு மேல். அதில் ஏழரை நிமிடத்தைத் திணித்தால் 30. அத்தனையும் அடங்க வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். பாஸ் அதிகமானால் பள்ளம் பக்கவாட்டில் அகலமாக ஆடும், பக்கத்துப் பள்ளத்தை இடிக்கும். தப்பிக்க ஒட்டுமொத்த சத்தத்தையும் குறைக்க வேண்டும், அப்புறம் மேற்பரப்பு இரைச்சல் மேலே வரும். ப்ளூ மண்டேயின் உயிரே அந்தக் கிக் ட்ரம். அதனால்தான் 12 அங்குலத் தட்டில், 45 சுற்றில், தனியாக.

கேசட்குமரன்: இரண்டாம் பக்கம் 20 நிமிடம்தானே? அங்கே போட்டால் 27. 27 நிமிடப் பக்கம் உள்ள தட்டுகள் உலகத்தில் இல்லையோ?

ஊசிமுனை: இருக்கின்றன. கேட்கத்தான் சகிக்காது.

தாளராணி: ப்ளூ மண்டேயோட அந்த ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரி துளை போட்ட உறையால ஒவ்வொரு பிரதிக்கும் நஷ்டம்னு சொல்றாங்களே, அதை...

ஊசிமுனை: ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் வந்த அச்சுகளில் துளையே கிடையாது. விற்ற ஒவ்வொன்றுக்கும் நஷ்டம் என்றால் எப்படி?

தாளராணி: முழுசாச் சொல்ல விட்டாத்தானே! துளையுள்ள முதல் அச்சைத்தான் சொல்ல வந்தேன். எப்பவும் இதே வேலை உங்களுக்கு.

கேசட்குமரன்: அவர் அப்படித்தான். டெபேஷ் மோட் குழுவைப் பற்றிய திரி நினைவிருக்கிறதா? ‘ஸ்பீக் & ஸ்பெல்’லின் பிரிட்டன் எல்பியில் ‘ட்ரீமிங் ஆஃப் மீ’ பாட்டு கிடையாது, அமெரிக்கப் பதிப்பில்தான் உண்டு. அங்கே அமெரிக்கப் பதிப்பைக் காட்டி “அது ஆல்பத்தில் உண்டு” என்று நான்கு பக்கம் சண்டை போட்டது யார்? இதே ஊசிமுனை!

ஊசிமுனை: அது வேறு, இது வேறு.

தாளராணி: எப்படி வேறு?

ஊசிமுனை: 2020இல் வந்த பெரிய பெட்டியைப் பாருங்கள். ஆல்பத் தட்டு பெட்டிக்குள், ப்ளூ மண்டே 12 அங்குலத் தட்டு பெட்டிக்கு வெளியே தனி விற்பனை. முப்பத்தேழு வருடம் கழித்தும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

கேசட்குமரன்: 2008 பதிப்பில் ஒரே உறைக்குள் இருக்கிறதே?

ஊசிமுனை: இரண்டாவது சிடியில். முதல் சிடியில் எத்தனை பாட்டு? எண்ணிப் பாருங்கள். எட்டு.

புதியவன்_83: அதனால்தான் கேட்டேன், ஆல்பம் என்றால்...

தாளராணி: ஊசிமுனை, ட்ரீமிங் ஆஃப் மீக்கு பதில் இன்னும் வரலை.