காற்றாலை விர்ருன்னு சுத்துது, பேட்டரி மட்டும் ஏறல. எங்க தப்பு?

உப்புக்காத்து:
34 அடி பாய்மரப்படகு. 12 வோல்ட், ரெண்டு ஏஜிஎம் (தண்ணி ஊத்தத் தேவையில்லாத, மூடின ஈய-அமில) பேட்டரி, சேர்த்து 200 ஆம்பியர்-அவர். போன மாசம் பின்பக்கக் கம்பத்துல 1.2 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை ஏத்தினேன். 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கி.மீ.) காத்துல ராத்திரி பூரா சுத்துது. விடிஞ்சு பாத்தா பேட்டரி 12.2 வோல்ட்ல நிக்குது. சார்ஜைக் கட்டுப்படுத்துற கன்ட்ரோலர்ல மட்டும் 'ஃபுல்' விளக்கு. மிச்ச கரன்ட்டை எரிக்கிற டம்ப் ரெசிஸ்டர் கைவைக்க முடியாத சூடு. பேட்டரி காலியா கிடக்கும்போது எதுக்கு எரிக்கணும்? பேசாம லித்தியத்துக்கு மாறிடவா?

அலைமேல்:
பேட்டரி செத்துருக்கும் ப்ரோ. மாத்துங்க.

மீட்டர்மாமா:
அவசரப்பட்டு காசைக் கொட்டாதீங்க தம்பி. காத்து அடிக்கும்போதே, கன்ட்ரோலரோட பேட்டரி முனையில ஒரு வோல்டேஜ், நேரா பேட்டரி முனையில ஒரு வோல்டேஜ், ரெண்டையும் எடுத்துப் போடுங்க. எத்தனை ஆம்பியர் போகுதுன்னும் பாருங்க. வயர் எத்தனை தடிமன், எத்தனை மீட்டர்?

ஒண்ணு முக்கியம்: இறக்கை சுத்தும்போது பேட்டரி வயரைக் கழட்டிடாதீங்க. சுமை போனதும் வேகம் எகிறும், வோல்டேஜும் எகிறி கன்ட்ரோலரைச் சாப்பிட்டுடும். முதல்ல பிரேக் சுவிட்ச் போட்டு நிறுத்துங்க.

உப்புக்காத்து:
கன்ட்ரோலர்ல 14.4. பேட்டரியில 13.2. கரன்ட் 12 ஆம்பியர். வயர் 4 சதுர மி.மீ., ஒரு பக்கம் 7 மீட்டர்.

மீட்டர்மாமா:
மாட்டிக்கிச்சு. கன்ட்ரோலர் தன் முனையில இருக்கிற வோல்டேஜைத்தான் பார்க்கும். அங்க 14.4 வந்ததும் பேட்டரி நிறைஞ்சுடுச்சுன்னு நம்பி, வர்றதையெல்லாம் ரெசிஸ்டருக்குத் திருப்பிடுது. நடுவுல 1.2 வோல்ட் காணாமப் போறது அதுக்குத் தெரியாது.

இப்ப கணக்கு. போக வர 14 மீட்டர், 4 சதுர மி.மீ. செம்பு: சுமார் 0.06 ஓம். 12 ஆம்பியருக்கு 0.73 வோல்ட்தான் விழணும். மீதி அரை வோல்ட்டை வேற யாரோ தின்றாங்க. ஃப்யூஸ் ஹோல்டர், லக் (வயர் நுனியில மாட்டுற உலோக முனை), இணைப்பு ஒவ்வொண்ணுக்கும் குறுக்கே மீட்டர் வைங்க. ஒரே இடத்துல அரை வோல்ட்டுன்னா அங்க 5, 6 வாட் சூடு. தீப்பிடிக்க அது போதும்.

உப்புக்காத்து:
மாமா, கிடைச்சுது! நெகட்டிவ் லக். வெளியே பளபளன்னு இருந்துச்சு, உறையை உரிச்சா உள்ளே பச்சைப் பொடி. அதை வயர்ல நசுக்கிப் பிடிக்க வச்சது (கிரிம்ப்) நான்தான், சாதாரண இடுக்கியால. வெக்கமா இருக்கு.

மீட்டர்மாமா:
நானும் பண்ணியிருக்கேன். வெள்ளீயம் பூசின வயர், சரியான கிரிம்ப் கருவி, சூடு காட்டினா சுருங்கி ஒட்டிக்கிற, பசை உள்ள சுருங்குகுழாய். லக்கோட நிறுத்தாதீங்க, கன்ட்ரோலரையே பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள்ள கொண்டுவாங்க, 16 சதுர மி.மீ. போடுங்க. ஃப்யூஸ் பேட்டரி பக்கத்துல. ரெசிஸ்டர் மரத்தை ஒட்டி இருக்கக் கூடாது. காற்றாலையிலிருந்து வர்ற மூணு வயரும் நீளும், அதையும் தடியாக்குங்க. அங்க விழுற வோல்டேஜ் நஷ்டம்தான், ஆனா கன்ட்ரோலரை ஏமாத்தாது.

அலைமேல்:
அப்ப லித்தியம்?

மீட்டர்மாமா:
பிறகு. அதோட பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்குற உள் சர்க்யூட்) திடீர்னு துண்டிச்சா, இன்ஜின்ல கரன்ட் எடுக்குற ஆல்டர்னேட்டரோட டயோடு போயிடும். இடையில டிசி-டிசி சார்ஜர் வேணும், காற்றாலைக்கும் டம்ப் தனியா உயிரோட இருக்கணும். அது தனி வேலை.

காத்து பாதியானா கரன்ட் எட்டுல ஒண்ணுதான்: 9 நாட்ல ஒன்றரை ஆம்பியர். பின்காத்துல ஓடும்போது இன்னும் மோசம். 15 நாட் அடிச்சாலும் படகு 6 நாட் போனா இறக்கைக்குக் கிடைக்கிறது 9 தான். ஃப்ரிட்ஜை நம்பி விடாதீங்க.

உப்புக்காத்து:
மாத்தியாச்சு. ரெண்டு முனைக்கும் வித்தியாசம் 0.04 வோல்ட். நேத்து ராத்திரி ரெசிஸ்டர் குளிர்ந்தே கிடந்துச்சு, காலையில பேட்டரி 12.7. இப்ப ஒரே தொல்லை, கம்பம் வழியா கேபினுக்குள்ள உறுமல் சத்தம்.

மீட்டர்மாமா:
கம்பத்தோட அடிக்கும் தாங்குகம்பிப் பிடிகளுக்கும் ரப்பர் வைங்க. முழுசாப் போகாது, தூங்குற அளவுக்குக் குறையும்.