தத்ரூபம்னா செத்த பூச்சியை வரையறதா? வாட்டர்கலர் கிரிம்சன் ரோஸ் பத்தி ஒரு விவாதம்

கறிவேப்பிலைக்காரன்:
மூணு வாரமா ராத்திரி ராத்திரி உக்காந்து ஒரு கிரிம்சன் ரோஸ் பட்டாம்பூச்சி வரைஞ்சு முடிச்சேன். நல்ல தடிமனான 300 ஜிஎஸ்எம், வழவழப்பான ஹாட் பிரஸ் பேப்பர், முழு காட்டன். மேல இருந்து பார்க்கிற மாதிரி நாலு இறக்கையும் நல்லா விரிஞ்சு, முன் இறக்கைல ரெண்டு வெள்ளைப் பட்டை, பின் இறக்கைல ரெண்டு வரிசை சிவப்பு, எதுவும் விடல. பூச்சி படம் எடுக்கப் போற நண்பர் ஒருத்தர்கிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துட்டு "அழகா இருக்கு, ஆனா இது செத்த பூச்சி"ன்னாரு. ஏன்னு கேட்டா "உயிரோட இருக்கிறது இப்படி உக்காராது"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒரு நரம்பு விடாம பார்த்து வரைஞ்சிருக்கேன், அப்புறம் எப்படி இது தத்ரூபம் இல்லாம போகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உண்ணிச்செடி:
உங்க நண்பர் சொன்னது சரி. மியூசியத்துல பூச்சியை ஊசி குத்தி பலகைல வைக்கும்போது முன் இறக்கையை முன்னாடி இழுத்து, அதோட கீழ் ஓரம் உடம்புக்கு நேர் செங்குத்தா நிக்கிற மாதிரி வச்சு காய விடுவாங்க. அப்பதான் பின் இறக்கை முழுசா தெரியும், அடையாளம் பார்க்க வசதி. ஆனா உயிரோட வெயில் காயற பட்டாம்பூச்சிய பாருங்க, முன் இறக்கை பின்னால சரிஞ்சு பின் இறக்கையோட மேல் பகுதிய மூடிட்டுத்தான் இருக்கும். நீங்க ரெண்டு வரிசை சிவப்பும் முழுசா தெரியற மாதிரி வரைஞ்சிருக்கேன்னு சொல்லும்போதே புரிஞ்சிடுச்சு. வாழ்த்து அட்டைல இருந்து டாட்டூ வரைக்கும் எல்லாரும் இந்த ஊசி குத்தின போஸைத்தான் வரையறாங்க, பூவு மேல உக்கார வச்சுகூட அதே போஸ்ல வரையறாங்க, எனக்கு அதைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு.

பழைய டிராயிங் மாஸ்டர்:
தம்பி, மனசு விட்டுடாதே. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வாட்டர்கலர் சொல்லிக் கொடுத்தவன்ங்கிற முறைல சொல்றேன், விரிச்ச போஸ் ஒண்ணும் தப்பு இல்லை. அடையாளப் புத்தகத்துல ஏன் அப்படி வரையறாங்க? ஒரே படத்துல மொத்த பேட்டர்னும் தெரியணும். நரம்பு எங்க ஆரம்பிக்குது, எந்த ரெண்டு நரம்புக்கு நடுவுல எந்த புள்ளி வருதுன்னு பிடிபடணும்னா தட்டையா விரிச்சுத்தான் பழகணும். அஸ்திவாரம் இல்லாம கோணல் மாணலா வரைய ஆரம்பிச்சா புள்ளி இடம் மாறிடும், அப்புறம் அது கிரிம்சன் ரோஸும் இல்ல வேற எதுவும் இல்ல. இன்னொண்ணு, பறக்கும்போது முன் இறக்கை முன்னாடி போகத்தானே செய்யுது? அப்ப உயிரோட இருக்கிறது அந்த போஸ்ல வரவே வராதுன்னு எப்படி சொல்லுவீங்க?

உண்ணிச்செடி:
சார் மரியாதையா சொல்றேன், பறக்கும்போது முன்னாடி போகும், ஒத்துக்கிறேன். ஆனா அப்ப இறக்கை தட்டையா இருக்காது, வளைஞ்சிருக்கும், ஒரு பக்கம் மேல ஒரு பக்கம் சாய்வா இருக்கும், உடம்பும் தூக்கி இருக்கும். கண்ணாடிப் பெட்டில வச்ச மாதிரி நாலு இறக்கையும் ஒரே தளத்துல நிக்கிறது செத்தப்புறம்தான். பழகறதுக்கு தட்டையா வரையுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அதை முடிச்ச படமா ஃபிரேம் போட்டு தத்ரூபம்னு சொல்றதுதான் எனக்கு ஒப்பல. தட்டை பேட்டர்ன் கைல வந்ததும் ஒரு வேலை செய்யுங்க. மெல்லிசான சார்ட் அட்டைல நாலு இறக்கையும் வெட்டி, நரம்பை பென்சில்ல போட்டு, நடுவுல ஒட்டி லேசா மடக்கி டேபிள் லாம்ப் கிட்ட வைங்க. எந்தப் பக்கம் குறுகுது, எங்க நிழல் விழுது, முன் இறக்கை எவ்வளவு மறைக்குதுன்னு அப்படியே தெரியும். நான் ஒவ்வொரு படத்துக்கும் அட்டை வெட்டாம பிரஷ்ஷைத் தொடறதே இல்ல.

நீலமை:
போஸ் பத்தி அவங்க ரெண்டு பேரும் பேசிட்டிருக்கட்டும், எனக்கு கலர்தான் கேள்வி. கருப்புக்கு என்ன போட்டீங்க? வெள்ளைப் பட்டை பேப்பரை அப்படியே விட்டதா, இல்ல கோவாஷா (கீழ இருக்கிறதை மறைக்கிற அடர் கலர்)?

கறிவேப்பிலைக்காரன்:
கருப்பு ட்யூப்ல இருந்த ஐவரி பிளாக் நேரா எடுத்தேன். வெள்ளைக்கு முதல்ல கருப்பு முழுக்க போட்டுட்டு அப்புறம் வெள்ளை கோவாஷ். சிவப்பும் கருப்பு மேலதான் போட்டேன், சிவப்பு எடுபடவே இல்ல, மூணு தடவை போட்டும் பழுப்பாத்தான் வந்துச்சு, கடைசில கோவாஷ் கலந்துதான் கொஞ்சம் தெரிஞ்சுது.

நீலமை:
வாட்டர்கலர் கண்ணாடி மாதிரிங்க, கீழ இருக்கிற கலர் தெரியும், கருப்பு மேல போட்டா சிவப்பு எப்படி எடுபடும்? சிவப்பை வெள்ளை பேப்பர் மேல முதல்ல போடணும், நல்லா காயணும், அப்புறம்தான் அதைச் சுத்தி கருப்பு. அவசரப்பட்டா கருப்பு சிவப்புக்குள்ள ஓடிடும். கருப்பும் ட்யூப் கருப்பு வேண்டாம், அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியா கலந்தா ஆழமான ஒரு கருப்பு வரும், நீலப் பக்கமோ பழுப்புப் பக்கமோ தள்ளிக்கலாம். வெளிச்சம் படற இடத்துல நீலம் அதிகம், உடம்பு ஓரத்துல பழுப்பு அதிகம்னு மாத்தி மாத்தி மூணு நாலு லேயரா ஏத்தினாத்தான் வெல்வெட் மாதிரி இருக்கும், ஒரே அடில போட்ட கருப்பு ஓட்டை மாதிரி தெரியும். வெள்ளைப் பட்டைக்கு பேப்பரை அப்படியே விட்ருங்க, ஓரத்தை டிரை பிரஷ்ல, அதாவது தண்ணி கம்மியா இருக்கிற பிரஷ்ல, உடைச்சு உடைச்சு முடிங்க. இறக்கை முழுக்க செதில்தானே, ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி கோடு அங்க எங்கயும் கிடையாது. கோவாஷ் போட்டா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆகிடும். நான் வாட்டர்கலர்ல வெள்ளை பெயின்ட் தொடறதே இல்ல, அது என் கொள்கை.

பழைய டிராயிங் மாஸ்டர்:
சிவப்பு, கருப்பு விஷயத்துல நீ சொன்னது சரி, அதுல சண்டை இல்ல. ஆனா வெள்ளை பெயின்ட் தொட்டா வாட்டர்கலரே இல்லங்கிற பேச்சு எனக்கு பிடிக்காது. ஜெர்மன் ஓவியர் டியூரர் 1502ல வரைஞ்ச முயல் இருக்கே, வியன்னா ஆல்பர்டினா மியூசியத்துல இருக்கிறது, அது வாட்டர்கலரும் அடர் வெள்ளையும் சேர்ந்ததுதான். அந்த மீசை முடியெல்லாம் பேப்பரை விட்டு வரைஞ்சதுன்னா நினைக்கிறே? நம்ம ஊர் மினியேச்சர் மரபே அடர் கலர்தான், ஜஹாங்கீர் அரசவைல மன்சூர் வரைஞ்ச பறவைகளைப் பாரு. வெள்ளை விடற இடம் பெரிசா இருந்தா பேப்பரை விடு. கண்ணுல ஒரு மினுக்கு, முன் இறக்கை ஓரத்துல ஒரு மயிரிழை வெள்ளை, அதுக்கு ஒரு சொட்டு கோவாஷ் வச்சா என்ன குடி முழுகிப்போகும்? வெள்ளை விட வேண்டிய இடத்தை மூடி வைக்கிற மாஸ்கிங் ஃப்ளூயிட் போட்டு உரிக்கும்போது பேப்பரும் சேர்ந்து உரிஞ்சு வந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன். சென்னை மாதிரி ஈரக்காத்து ஊர்ல பேப்பரை வருஷக்கணக்கா பீரோல வச்சிருந்தா தண்ணியை சட்டுன்னு உறிஞ்சாம தடுக்கிற அதோட பசை போயிடும், கலர் புள்ளி புள்ளியா இறங்கும், அதுல எங்க இருந்து ஓரத்தை சுத்தமா விடறது?

மொட்டைமாடி:
ஒரே ஒரு விஷயம். சிவப்புக்கு பழைய அலிசரின் கிரிம்சன் மட்டும் வேண்டாம். நான் ஒரு ஜெசபெல் பட்டாம்பூச்சி வரைஞ்சு ஹால்ல வெயில் படற சுவத்துல மாட்டினேன், பின் இறக்கை சிவப்பு ரெண்டே வருஷத்துல வெளிறிப் போச்சு, இத்தனைக்கும் கண்ணாடி போட்ட ஃபிரேம். ட்யூப் பின்னாடி பிக்மென்ட் நம்பர் (உள்ள இருக்கிற கலர்ப்பொடியோட குறியீடு) பாருங்க, பிஆர் 83ன்னு இருந்தா எடுக்காதீங்க. க்வினாக்ரிடோன் வகை எடுங்க, பிவி 19 இல்ல பிஆர் 122, அது நிக்கும்.

உண்ணிச்செடி:
மாஸ்டர் சார் டியூரரை இழுத்தீங்க, நான் பூச்சிகளை வரைஞ்ச மரியா சிபில்லா மெரியனை இழுக்கிறேன். 1699ல அம்பத்திரண்டு வயசுல மகளைக் கூட்டிக்கிட்டு கப்பல் ஏறி தென் அமெரிக்காவுல இருக்கிற சுரினாம் காட்டுக்குப் போனாங்க. புழுவை உயிரோட வளர்த்து, எந்த இலை திங்குது, எப்ப கூடு கட்டுது, என்ன வெளிய வருதுன்னு பார்த்துப் பார்த்து வரைஞ்சாங்க. 1705ல வந்த அவங்க புத்தகத்துல ஒரே பக்கத்துல செடி, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி எல்லாம் இருக்கும், இறக்கை மூடினது ஒண்ணு விரிச்சது ஒண்ணுன்னு. முன்னூறு வருஷம் கழிச்சு நாம ஃபோன்ல ஒரு ஊசி குத்தின படத்தைப் பார்த்து வரைஞ்சுட்டு தத்ரூபம்னு சொல்றோம். பூச்சியோட ஒரு மணி நேரமாவது உக்காராம அதை எப்படி வரையறது?

பழைய டிராயிங் மாஸ்டர்:
அந்த அம்மா மேல எனக்கும் பெரிய மரியாதை. ஆனா முழுசா சொல்லணும். சுரினாம்ல ரெண்டு வருஷம் இருந்து உடம்பு முடியாம 1701ல ஆம்ஸ்டர்டாம் திரும்பினப்போ பதம் பண்ணின பூச்சிகளையும் கொண்டு வந்தாங்க, அதையும் வச்சுக்கிட்டுத்தான் வேலை நடந்தது. செத்த பூச்சி தொடாத கை இல்ல அது. உயிரோட பார்த்தது தனி, கைல வச்சு எண்ணினது தனி, ரெண்டும் சேர்ந்துதான் அந்த படம். அதோட எல்லாருக்கும் காடு கிடைக்குமா? வேலை முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு பிரஷ் எடுக்கிறவன் எந்த பூச்சியோட போய் உக்காருவான்? பூ பூவா போற கிரிம்சன் ரோஸ் தேன் குடிக்கும்போதுகூட இறக்கையை அடிச்சுக்கிட்டே இருக்கும், ஒரு நிமிஷம் நிக்காது.

உண்ணிச்செடி:
காடு எதுக்கு சார், ஒரு தொட்டி போதும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வச்சா காமன் மார்மனும் லைம் பட்டாம்பூச்சியும் தானா வந்து முட்டை போடும், எருக்கஞ்செடி இருந்தா பிளைன் டைகர் வரும். கிரிம்சன் ரோஸுக்கு ஆடுதின்னாப்பாளையோ ஈச்சுரமூலியோ வேணும். கூட்ல இருந்து வெளிய வந்ததும் இறக்கை சுருங்கித்தான் இருக்கும், அது விரிஞ்சு காயற வரைக்கும் ஒரு மணி ரெண்டு மணி நேரம் பறக்க முடியாது. அதைவிட பொறுமையான மாடல் எந்த ஸ்டூடியோலயும் கிடைக்காது.

நீலமை:
எனக்கு இன்னொரு சந்தேகம் வந்துச்சு. உங்க கிரிம்சன் ரோஸுக்கு கால் எத்தனை வரைஞ்சிருக்கீங்க?

கறிவேப்பிலைக்காரன்:
ஓரத்துல லேசா தெரியற மாதிரி பக்கத்துக்கு ரெண்டு, மொத்தம் நாலு. ஏன்?

நீலமை:
பிளைன் டைகர், 2019ல நம்ம மாநிலப் பட்டாம்பூச்சின்னு அறிவிச்ச தமிழ் மறவன், இதெல்லாம் ஒரே குடும்பம், முன்னங்கால் ரெண்டும் சின்னதா சுருங்கி நெஞ்சோட ஒட்டிக்கும், அதனால நாலுதான் தெரியும். கிரிம்சன் ரோஸ் அந்த குடும்பம் இல்ல, ஆறு காலும் முழுசா இருக்கும். நீங்க வேற ஏதோ படத்தைப் பார்த்து காலை எடுத்திருக்கீங்க. நரம்பு நரம்பா பார்த்த மனுஷன் இதை விட்டுட்டீங்களேன்னு வருத்தமா இருக்கு.

கறிவேப்பிலைக்காரன்:
ஆமா, கால் பிளைன் டைகர் ஃபோட்டோல இருந்து எடுத்ததுதான். நாலு நாள் கழிச்சு வந்து எழுதறேன், கோவம் இல்ல, வேற காரணம். உண்ணிச்செடி சொன்னதைப் படிச்சுட்டு மறுநாள் காலைல பின்பக்கம் கறிவேப்பிலைச் செடில தேடினா, தண்டுல இடுப்புக்கு நூல் கட்டின மாதிரி ஒரு பச்சைக் கூடு நிஜமாவே இருந்துச்சு, இத்தனை நாள் ரசத்துக்கு இலை கிள்ளிக்கிட்டே இருந்திருக்கேன் கண்ணுல படல. முந்தாநாள் சாயங்காலம் அது கருத்துப் போய் உள்ள இறக்கை தெரிய ஆரம்பிச்சுது. நேத்து காலைல ஆறே முக்காலுக்குப் போனா வெளிய வந்து தொங்கிட்டிருக்கு, கீழ இலை மேல சிவப்பா ஒரு சொட்டு. இறக்கைல வெள்ளைப் பட்டை, சிவப்புப் புள்ளி, ஒரு நிமிஷம் கிரிம்சன் ரோஸேதான்னு நினைச்சுட்டேன், கறிவேப்பிலைல எப்படி வந்துச்சுன்னு குழம்பி உடம்பைப் பார்த்தா கருப்பு, கிரிம்சன் ரோஸ் உடம்புல இருக்கிற சிவப்பே இல்ல. காமன் மார்மன் பொண்ணு, கிரிம்சன் ரோஸ் வேஷம் போட்டது.

ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்து பென்சில்ல ஒன்பது ஸ்கெட்ச் போட்டேன். அது இறக்கையை விரிக்கவே இல்ல. மூடியே தொங்குச்சு, நான் இதுவரைக்கும் வரையாத அடிப்பக்கம் மட்டும்தான் தெரிஞ்சுது. காலை எண்ணினேன், ஆறு. கடைசில ரெண்டே தடவை மெதுவா விரிச்சுது, முன் இறக்கை சரிஞ்சு பின் இறக்கையோட மேல் பகுதி நல்லாவே மறைஞ்சிருந்துச்சு, அப்புறம் பறந்துடுச்சு.

பழைய டிராயிங் மாஸ்டர்:
ஒன்பதையும் போடு தம்பி. அடிப்பக்க நரம்பு புடைச்சுத் தெரியும், அதை எப்படி வாங்கியிருக்கேன்னு பார்க்கணும். மூடின இறக்கைக்கு ஃபேனை நிறுத்திட்டு முதல் வாஷை, அதான் தண்ணியா பூசற கலரை, ஈரத்துல விடு, நரம்புக்கு நரம்பு தனித்தனியா. வெள்ளைக்கு கோவாஷ் வேணாம்னு அவங்க சொன்னா இந்த ஒரு படத்துக்கு கேட்டுக்கோ, கண்ணுல ஒரு சொட்டு மட்டும் எனக்காக வை.

நீலமை:
கண்ணுக்கும் வேண்டாம்.