கப்பல் ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் எதற்கு? நம் முழங்கால் மூட்டில் இருப்பதுபோலத் தண்ணீரே போதாதா?

அலைவாய்: புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட், கப்பலுக்கு வெளியே வரும் பின்பக்கக் குழாய்தான் ஸ்டெர்ன் டியூப். அதில் சீல் தேய்ந்தால் எண்ணெய் நேராகக் கடலில்தான் கலக்கும். அதனால்தான் 2013 டிசம்பரிலிருந்து, அமெரிக்கக் கடல் எல்லைக்குள் வரும் பெரிய கப்பல்கள் இந்த மாதிரி இடங்களில் மக்கும் எண்ணெயைப் போட வேண்டும் என்று விதி வந்தது. என்னைக் கேட்டால் அதுவும் அரைகுறைத் தீர்வுதான். நம் முழங்காலில் எண்ணெயா ஊற்றியிருக்கிறது? குருத்தெலும்பின் மேல் ஹயலூரோனிக் அமிலம், லூப்ரிசின் என்ற புரதம், பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூன்றும் சேர்ந்து தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. உராய்வுக் கெழு (இது குறையக் குறைய வழுக்கல் கூடும்) 0.01-க்கும் கீழே போகிறது. இயந்திரத்திலும் இதைச் செய்ய வேண்டும்.

பட்டறைக்காரன்: அழுத்தத்தையும் பாருங்கள் சார். மூட்டில் சில மெகாபாஸ்கல்தான். கியர் பற்கள் தொடும் இடத்தில் 1 கிகாபாஸ்கல், அதாவது ஆயிரம் மெகாபாஸ்கல்கூட வரும். அந்த நசுக்கலில் எண்ணெய் பல மடங்கு கெட்டியாகிப் பற்களைப் பிரித்து வைக்கிறது. தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது. துரு வேறு பிடிக்கும்.

அலைவாய்: நான் கியரைப் பற்றிப் பேசவில்லையே. ஷாஃப்ட்டைத் தாங்கும் ஸ்டெர்ன் டியூப் பேரிங் நீளமானது, அங்கே சராசரி அழுத்தம் 1 மெகாபாஸ்கலைக்கூடத் தொடாது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் கிளைன் குழு பாலிமர் இழைகளைத் தூரிகை மாதிரி நட்டு, தண்ணீருக்குள் 7.5 மெகாபாஸ்கல் வரை அழுத்தியது. கெழு 0.0004. 2009-லேயே வெளிவந்த ஆய்வு இது. இழையில் இருக்கும் மின்னூட்டம் நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடிப்பதால் அவை பிதுங்கி வெளியேறுவதில்லை. ஆனால் சட்சட்டென்று இடம் மாறிக்கொள்வதால் வழுக்கல் அப்படியே இருக்கிறது.

பட்டறைக்காரன்: அது வழவழப்பான மைக்கா தகட்டில் எடுத்த அளவு. துறைமுகத்துத் தண்ணீரில் சேறும் மணலும் வரும். மூட்டில் லூப்ரிசின் தேய்ந்தால் செல்கள் புதிதாகச் சுரக்கும். கப்பலில் அந்த இழையை யார் முளைக்க வைப்பது?

கடைமடை: நடுவில் ஒரு வார்த்தை. தாவர எண்ணெயை ஏன் விட்டுவிட்டீர்கள்? முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி எஞ்சின்கள் விளக்கெண்ணெயில்தான் ஓடின.

அலைவாய்: ஓடின, ஆனால் அந்த எஞ்சின்கள் எண்ணெயை வெளியே கக்கிக்கொண்டே இருந்தன. மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் காற்றுப்பட்டுப் பிசினாகும். மக்கும் எண்ணெய்களில் ஒரு வகையான எஸ்டர் எண்ணெயில் கடல்நீர் கலந்தாலோ, அது தண்ணீரால் சிதைந்து அமிலம் வரும். பட்டறைக்காரன், 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென் லிக்னம் விட்டே என்ற கடின மரத்தில் பேரிங் செய்தாரே, அதற்குக் கடல்நீர்தானே மசகு? தண்ணீர் உதவாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பட்டறைக்காரன்: ஷாஃப்ட் வேகமாகச் சுற்றினால் தண்ணீர்ப் படலம் தாங்கும், அதை நான் மறுக்கவில்லை. கரை அணையும்போது மெதுவாகத்தான் சுற்றும். அப்போது படலம் அறுந்து பேரிங் தேயும்.

அலைவாய்: நான் தூரிகையைக் கேட்பதே அந்த நேரத்துக்குத்தான். வேகம் இல்லாமலே வழுக்குவதுதான் மூட்டின் பலம்.

பட்டறைக்காரன்: சரி, அப்படியென்றால் மணல் கலந்த நீரில், மெதுவான வேகத்தில் ஓட்டி எடுத்த தேய்மான அளவைக் காட்டுங்கள். அதைப் பார்க்காமல் என் ஷாஃப்ட்டில் எஸ்டரை மாற்ற மாட்டேன்.