பூட்டிக் கிடக்கும் பாளை வீட்டை விற்கும் முன் எதைச் செய்யலாம், எதை விடலாம்?

பாளைமகள்:

பாளையங்கோட்டை மகாராஜ நகரில் அப்பா 1984-ல் கட்டிய வீட்டை விற்பது என்று முடிவாகிவிட்டது. ஐந்தரை சென்ட் மனை, தரைத்தளம் மட்டும். முன்னால் தார்சா (திண்ணை வராந்தா), அடுத்து மொசைக் போட்ட பட்டாசல் (கூடம்), சிவப்புக் காவித் தரையோடு இரண்டு அறைகள், அடுக்களை, புறவாசலில் கிணறு. அப்பா 2021-ல் தவறிய பிறகு அம்மா என்னோடு சென்னைக்கு வந்துவிட்டார். தம்பி டல்லாஸில் இருக்கிறான். பக்கத்து வீட்டு மதினி அவ்வப்போது திறந்து கூட்டிப் பெருக்குவார், அவ்வளவுதான்.

பார்க்க வந்த தரகர், "இப்படியே காட்டினால் மனை விலைக்குத்தான் கேட்பார்கள். டைல்ஸ் போட்டு, பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து, மாடுலர் கிச்சன் வைத்தால் பத்து லட்சம் கூடப் போகும்" என்கிறார். அவரே ஆள் அனுப்பி நாலரை லட்சத்துக்கு எஸ்டிமேட்டும் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர், "ஒரு பைசா போடாதே, வாங்குகிறவன் எப்படியும் இடிப்பான்" என்கிறார். அம்மா இரண்டு பேச்சையும் காதில் வாங்காமல், "கிணத்தை மட்டும் மூடிராதீங்க" என்கிறார்.

பட்டாசலின் மேற்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து நிற்கிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை. தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ஒரு மூலையில் மழைத் தண்ணீர் தேங்கும். மற்றபடி வீடு திடமானது. நிலை, கதவெல்லாம் தேக்கு. எதில் பணம் போடலாம்? விற்றவர்களும் வாங்கியவர்களும் சொல்லுங்களேன்.

ஓவர்சியர்:

தங்கச்சி, முதலில் அந்த எஸ்டிமேட்டை மடித்து வையுங்கள். நான் பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்தவர்கள் பழைய வீடு வாங்கினால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அதனால் வாங்குகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நாற்பது வயசு வீட்டைப் பார்க்க வருகிறவனுக்கு அது பழைய வீடு என்று தெரியும். பளபளப்பைத் தேடி அவன் வரவில்லை, பயந்துகொண்டுதான் வருகிறான். தளம் ஒழுகுமோ, சுவர் ஊறுமோ, தண்ணீர் வருமோ, பத்திரத்தில் சிக்கல் இருக்குமோ என்று. அந்தப் பயத்தைக் குறைக்கிற செலவு வீண் போகாது. மற்றதெல்லாம் அவன் தன் இஷ்டத்துக்கு மாற்றப்போகிற சமாச்சாரம். புதுப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறினால் என் கை தானாகச் சுவரைத் தட்டிப் பார்க்கும். எதை மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

உங்கள் வீட்டில் முக்கியம் அந்த ஓதச் சுவர். யாருமே குளிக்காத வீட்டில் ஈரம் எங்கிருந்து வருகிறது? மேல்தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் வால்வை மூடிவிட்டு இரண்டு மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். சுவர் காய ஆரம்பித்தால் உள்ளே போகிற குழாயில் கசிவு. பழைய இரும்புக் குழாய் என்றால் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். அதை மாற்றுவது பெரிய செலவே இல்லை. காயவில்லை என்றால் மண்ணிலிருந்து ஏறுகிறது. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படையைச் சரியாகப் போடாத வீடுகளில் இது வரும்.

குழாய்தான் காரணம் என்றால் அதைச் சரிசெய்துவிட்டு, ஓதம் தெரிகிற உயரத்துக்கு மேலே இன்னும் ஓரடி வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல் நன்றாகக் காயட்டும். அப்புறம் நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசி, ஒரு கோட் வெள்ளை. போதும். ஈரச் சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் அடிப்பது புண்ணுக்கு மேல் பவுடர் போடுகிற மாதிரி. சுவருக்குள் இருக்கும் உப்பு தள்ளிக்கொண்டு வந்து, அடுத்த மழைக்குள் செதில் செதிலாக உரியும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு, பத்திரம் பதிவதற்கு முன்னால் உரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மண்ணிலிருந்து ஏறுகிறது என்றால் முழு வைத்தியம் செலவு பிடிக்கும். அதைச் செய்ய வேண்டாம், இருக்கிறதைச் சொல்லி விலையில் பேசிக்கொள்ளலாம். மறைக்க மட்டும் கூடாது.

தட்டட்டியில் தண்ணீர் தேங்குகிற இடத்துக்கு வருவோம். வேப்பிலை அடைத்துக்கொண்டு மழைநீர்க் குழாய் ஓடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி இடங்களில் அதுதான் விஷயம். தட்டோடுகளின் இடுக்கில் சாந்து விட்டுப் போயிருந்தால் சுரண்டி எடுத்துப் புதிதாக அடையுங்கள்.

தரைக்கு டைல்ஸ் வேண்டவே வேண்டாம். பழைய தரை மேலேயே ஒட்டினால் தரை உயரும், எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும். தேக்குக் கதவை அறுப்பதா? மொசைக்குக்கு மிஷின் பாலிஷ் போடுங்கள், ஆளே மாறிவிடும். காவித் தரையைக் கழுவிக் காயவிட்டு, துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே போதும். இன்றைக்கு அந்தத் தரைக்காகவே வீடு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாஸ்து பேச்சை எடுத்துக்கொண்டு யாராவது இடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். வாங்குகிறவன் தன் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவான், அந்த ஆள் வேறு சொல்வார்.

வடசேரிக்காரி:

அண்ணாச்சி சொன்னது சரி. நான் வீட்டுக்குள் இருக்கிற விஷயம் மட்டும் சொல்கிறேன். நாகர்கோவிலில் மாமியார் வீட்டை விற்றவள் நான்.

பூட்டிய வீட்டில் கதவைத் திறந்ததும் ஒரு வாடை வரும். பினாயில் ஊற்றினால் போகாது. பாத்ரூம், பாத்திரம் கழுவுகிற அங்கணம் இங்கெல்லாம் தண்ணீர் போகிற ஓட்டைக்குள் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிவிடும். அது வழியாகத்தான் சாக்கடை வாடை மேலே வருகிறது. மதினியிடம் சொல்லி வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் சாமான். பரணில் இருக்கிற பித்தளை, பழைய டிரங்குப் பெட்டி, பீரோ, மூட்டை கட்டிய துணி எல்லாம் போன பிறகுதான் அறை எவ்வளவு பெரியது என்று தெரியும். பரண் பலகையைக் கரையான் அரித்திருந்தால் பலகையையே கழற்றிவிடுங்கள். ஆனால் ஒன்று, மாலை போட்ட அப்பா படத்தை நீங்களாகக் கழற்ற வேண்டாம். அம்மாவைக் கூட்டிப்போய், அவர் கையாலேயே எடுத்து வரச் செய்யுங்கள். படம் சுவரில் இருக்கும்போது வீடு பார்க்க வருகிறவர்கள் சத்தமாகக்கூடப் பேசமாட்டார்கள், தயங்கித் தயங்கிப் போய்விடுவார்கள். பூஜை அறைக்கும் அதேதான்: சாமி படங்களை எடுத்துவிட்டு ஒரு விளக்கு மட்டும் வையுங்கள்.

வீடு காட்டும் நாளில் யாராவது முன்னாலேயே போய் ஜன்னலைத் திறந்து, மோட்டாரைப் போட்டு, எல்லா பல்பும் எரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆட்கள் வந்து நிற்கும்போது சாவி சேராமல் தவிப்பதைப் போல ஒரு கெட்ட சகுனம் கிடையாது!

பத்திரக்காரர்:

எல்லாரும் சுவரையே பார்க்கிறீர்கள். உங்கள் அப்பா உயில் எழுதியிருக்கிறாரா? இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சம பங்கு (அப்பாவின் தாயார் இருந்தால் அவருக்கும்). பங்கு உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தாலுகா ஆபீஸ் வாரிசுச் சான்றிதழை முதலில் வாங்குங்கள். அதை வைத்துப் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் அப்பா பெயரிலிருந்து மாற்றுங்கள். மாநகராட்சிப் பகுதி என்பதால் பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும், இப்போதைய பதிவேட்டில் டவுன் சர்வே எண்ணும் இருக்கும். இரண்டும் ஒரே மனைதான் என்று காட்டும் காகிதம் கையில் இருக்கட்டும்.

தம்பி வர முடியாவிட்டால் அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (தனக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெளிநாட்டில் குடியிருப்பவர் என்பதால் தம்பியின் பங்குக்கு வருமான வரிப் பிடித்தம் உங்களுடையதைவிட அதிகம். விலை பேசும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

வாங்குகிறவர் வங்கிக் கடன் போட்டால் மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ், கட்டட அனுமதி வரைபடம் எல்லாம் கேட்பார்கள். அப்பா கட்டிய காலத்து வரைபடம் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று தேடுங்கள், சாமானைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால். வாங்குகிறவருக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் தனியாகப் போகிறது. விலையைக் குறைக்கச் சொல்லும்போது அந்தக் கணக்கும் அவர் மனசில் ஓடும்.

பாளைமகள்:

எல்லாருக்கும் நன்றி. உயில் இல்லை, அப்பாவின் அம்மாவும் எப்போதோ போய்விட்டார். எஸ்டிமேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தரகருக்கு முகம் சுண்டிவிட்டது. இன்னும் இரண்டு கேள்வி. ஆடி வருகிறதே, அது முடியும்வரை வீட்டைக் காட்டாமல் வைக்கலாமா? 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் ஓடியது, வீட்டுப் படி ஏறவில்லை. என்ன சொல்வது?

ஓவர்சியர்:

வெள்ளத்துக்கு நடந்ததையே சொல்லுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது, நெல்லை ஜங்ஷனும் வண்ணாரப்பேட்டையும் முங்கியதை ஊரே பார்த்தது. "எந்தப் படி வரை வந்தது" என்று மதினியையே காட்டச் சொல்லுங்கள். தரகர் சொன்னால் நம்பாதவன் பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் நம்புவான்.

ஆடியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள், வாஸ்தவம்தான். ஆனால் கோயில் கொடைத் திருவிழாவுக்காகச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நம்ம ஊர்க்காரர்கள் வருகிற மாதமும் அதுதான். குடும்பத்தோடு வந்து பார்ப்பார்கள். ஆவணி பிறந்ததும் பேச்சு வரும். அதற்குள் சுவர் காயவும் நேரம் கிடைக்கும்.

கிணறு விஷயத்தில் அம்மா சொன்னதைக் கேளுங்கள். சேறு எடுத்து, மேலே இரும்பு வலை போட்டு, தண்ணீரை ஒரு கேனில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்து, அந்தச் சீட்டையும் பத்திரக் கட்டோடு வையுங்கள்.