வர்ம அடி உண்மையில் பலிக்கிறதா? பட்டவர்கள் சொல்லுங்கள்

தொடங்கியவர்:

குமரி மாவட்டத்தின் தக்கலைக்கு அருகில் ஓர் ஆசானிடம், வர்ம அடியும் சேர்ந்த தற்காப்புக் கலையான அடிமுறையை ஏழு ஆண்டுகள் பயின்றவன் நான். அடிபட்டால் ஆளை வீழ்த்தும் எனப்படும் வர்மப் புள்ளிகளை, படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று பாடமாக ஒப்பிக்கத் தெரிந்திருந்த எனக்கு, கழுத்தில் அடி விழுந்தால் உடல் என்னவாகும் என்பது நான்காம் ஆண்டில்தான் தெரிந்தது. குத்துவரிசைப் பயிற்சியில் எதிரே நின்றவரின் கை தவறித் தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் பட்டது. அடி பலமானதன்று; வலியும் பெரிதாக இல்லை. ஆனால் கண் இருண்டு, முழங்கால் மடங்கி, நின்ற இடத்திலேயே சரிந்தேன். ஆசான் என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, பிடரியில் வர்ம அடியின் பாதிப்பை நீக்கும் இளக்குமுறை செய்து, சுக்கை மென்று காதில் ஊதினார். சிறிது நேரத்தில் எழுந்துவிட்டேன்.

பின்னர் ஒரு மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன என்றும், அங்கு விழும் அடியை உடல் அழுத்த உயர்வாகத் தவறாகப் புரிந்துகொண்டு இதயத் துடிப்பைத் தணிக்கிறது என்றும், படுத்தால் பெரும்பாலும் தானே தெளிந்துவிடும் என்றும் விளக்கினார். அப்படியானால் என்னை எழுப்பியது ஆசானின் கையா, தரையா என்ற ஐயம் இன்றும் எனக்கு உண்டு. அடி பலித்தது என்பதில் மட்டும் ஐயமில்லை.

ஆனால் அதே இடத்தை, அசைந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் வேண்டுமென்றே தொட முயன்று நான் தோற்றது கணக்கில் அடங்காது. ஆசானிடம் முறையிட்டபோது, "எடம் தெரிஞ்சா மட்டும் காணாதுடே, அவன் நின்னு தரணும்லா?" என்று சிரித்தார்.

சென்னையிலிருந்து ஒருவர்:

கிக்பாக்சிங் பயிற்சியாளனாகிய நான் இந்தக் கடைசி வரியை முழுமையாக ஏற்கிறேன். வலது விலாவுக்குக் கீழே கல்லீரலில் குத்து வாங்கியிருக்கிறேன்; ஒரு நொடி ஒன்றும் தெரியாது, அடுத்த நொடி மூச்சு அடைத்து, எழ வேண்டும் என்று மனம் கட்டளையிட்டாலும் உடல் கேட்காது. அந்த இலக்கு உள்ளங்கை அகலமானது. சற்றுத் தவறினாலும் பயன் உண்டு. விரல்நுனி அளவுள்ள புள்ளிக்கு அந்தச் சலுகை இல்லை. எங்கள் கூடத்துக்கு வந்த ஒரு விருந்தினர் தம் மாணவர்களின் முன்கையில் தட்டியே அவர்களை வீழ்த்திக் காட்டினார். என் கையில் தட்டியபோது சிவந்து வலித்தது, அவ்வளவுதான். ஜப்பானில் யானகி ரியூகென் என்பவர் தொடாமலே மாணவர்களை உருட்டியவர். 2006இல் கலப்புத் தற்காப்பு வீரர் ஒருவர் முன் நின்றபோது முகத்தில் அடிபட்டு வீழ்ந்தார். மாணவர்கள் நடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். விழுந்து பழகிய உடல் விழத்தான் செய்யும்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்:

கல்லூரிக் கபடியில் ஒருவரின் முழங்கால் என் முழங்காலின் வெளிப்புறத்தில், சற்றுக் கீழே எலும்பு முண்டாகத் தெரியும் இடத்தில் இடித்தது. அங்கே நரம்பு தோலை ஒட்டியே எலும்பைச் சுற்றிச் செல்கிறது. மாலை வரை பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து இழுத்து நடந்தேன். இடித்தவருக்கு வர்மம் என்ற சொல்லே தெரியாது. முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டு விரல்வரை சுரீரென்று உணர்ந்த எவரும் இதை நம்புவார்கள். கழுத்தை மட்டும் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். முதியவர்களுக்கும் தமனியில் கொழுப்புப் படிந்தவர்களுக்கும் அது பக்கவாதத்தில் முடியலாம்.

தொடங்கியவர்:

எழுத மறந்த ஒன்று. நான் சரிந்த அந்த நாளுக்குப் பிறகு, ஏறத்தாழ ஓராண்டு ஆசான் எங்களுக்குப் புதிய அடி எதையும் கற்றுத்தரவில்லை. மயங்கியவரைத் தெளியவைக்கத் தூண்டும் அடங்கல் புள்ளிகளும் இளக்குமுறையும் மட்டுமே பாடமாக நடந்தன. என்னை அடித்தவரே என் பிடரியில் கை வைத்துப் பழகினார்.