தொழிலாளியே முதலாளி ஆனால் சங்கம் எதற்கு?

பெரம்பூர்வாசி:
1930-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அரசு ஜெர்சி ஹோம்ஸ்டெட்ஸ் என்று ஒரு குடியிருப்பைக் கட்டியது. நியூயார்க்கில் தையல் வேலை பார்த்த யூதக் குடும்பங்கள் குடும்பத்துக்கு 500 டாலர் கட்டிச் சேர்ந்தார்கள். வீடு, பண்ணை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கூட்டுறவு ஆடைத் தொழிற்சாலை. இதை ஆரம்பத்தில் எதிர்த்தது யார் தெரியுமா? சர்வதேசப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கமும் அதன் தலைவர் டேவிட் டுபின்ஸ்கியும்தான். சொந்த ஆட்களையே மறிக்கிற சங்கம் என்ன சங்கம்?

அம்பத்தூர் லைன்:
நியூயார்க்கிலேயே வேலை இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் தவித்த காலம் அது. இருக்கிற வேலையையும் ஊருக்கு வெளியே கொண்டுபோனால், இதைச் சாக்காக வைத்து மற்ற முதலாளிகளும் கிளம்புவார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவள் நான். கூலியை உயர்த்திக் கேட்டால், ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும் என்பதுதான் முதல் பதிலாக வரும்.

பெரம்பூர்வாசி:
அது முதலாளி மிரட்டுவது அக்கா. இங்கேதான் முதலாளியே இல்லையே!

அம்பத்தூர் லைன்:
சிக்கலே அதில்தான் தம்பி. இது சீசன் தொழில். ஆர்டர் குறைந்தால், நம்ம கம்பெனிதானே என்று அவர்களே கூலியைக் குறைத்துக்கொண்டு ராத்திரி வரைக்கும் தைப்பார்கள். வாங்குகிறவன் அந்த விலையைக் காட்டி நியூயார்க்கில் பேரம் பேசுவான், அங்கே சங்கம் போராடி வாங்கிய பீஸ் ரேட், அதாவது ஒரு உருப்படி தைத்தால் இவ்வளவு என்ற கூலி, இறங்கிவிடும்.

கணக்குப்பிள்ளை:
சங்கம் அப்புறம் இறங்கிவந்தது, 1936-ல் தொழிற்சாலையும் திறந்தார்கள். ஆனால் கான்கிரீட் பலகை வார்த்து வீடு கட்டும் திட்டம் சொதப்பியதால் திட்டமிட்ட 200 வீடுகளில் பெரும்பாலானவை அப்போது தயாராகவில்லை. ஆளும் போதவில்லை, ஆர்டரும் போதவில்லை, சில வருடங்களிலேயே கூட்டுறவு நொடித்தது.

பெரம்பூர்வாசி:
பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த குடும்பங்களுக்கு சங்கம் இழுத்தடித்ததும் சேர்ந்துதானே அடி? 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது எங்கள் பக்கத்து பின்னி மில் ஆட்களால்தான், மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட நேரம் வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. அதனால் சங்கத்தின் அருமை எனக்கும் தெரியும். தொழிலாளி சொந்தக் காலில் நிற்கப் பார்க்கும்போது தடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அம்பத்தூர் லைன்:
நிற்கட்டும், ஆனால் நியூயார்க் ரேட்டிலேயே நிற்கட்டும், உள்ளே சங்கமும் இருக்கட்டும். கூட்டுறவு என்றாலும் டார்கெட் போட ஒரு மேனேஜர் வருவார்தானே? பாத்ரூம் போனதற்கு சூப்பர்வைசர் கத்தினால், அதைப் பங்குதாரர் கூட்டம் வரும்வரை வைத்திருந்தா கேட்பது? அன்றைக்கே தையல் லைனில் வந்து கேட்க சங்கத்து ஆள் வேண்டும்.